அரைச் சப்பாத்தி

பேரிகை,
20-1-2025

அன்புள்ள மேகலாவுக்கு,

பவளம் எழுதுவது. நீயும் என் தம்பி குருமூர்த்தியும் குழந்தை ஸ்வாதியும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வீட்டுக்காரருக்கு, அதுதான் உன் அண்ணனுக்கு, மட்டும் பொங்கலுக்குப் பிறகு சர்க்கரை ஏறிவிட்டது. கேட்டால், "கரும்புதான கடிச்சேன், சர்க்கரையா தின்னேன்?" என்கிறார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் அடித்தால் உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார், தோட்டத்தில் தக்காளி பறிக்கிறவர்கள் வரை கேட்கும். உங்கள் கம்பெனி பஸ் ஓட்டும் எல்லப்பன் எங்கள் தெருக்காரர்தானே, அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். நம் பெண் பிரியாவுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. பையன் ராஜேஷ்குமார், கிருஷ்ணகிரி, இன்ஜினியர். பையனின் அம்மா சரோஜம்மாள் வந்து பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஒரு ஏழு கிலோ எறக்கிட்டா ஜோடி நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வைகாசியில் வந்து உறுதி செய்கிறார்களாம்.

நம் குடும்பத்தில் உடம்பை இறக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் வீட்டில் நீ வயிறாரச் சாப்பிட்டதில்லை. முதலில் எனக்குக் கோபம்தான். அப்புறம் நீ இளைத்ததைப் பார்த்து ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். உன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற டயட் தாளை அப்படியே எழுதி அனுப்பு.

தூக்கில் பிதுக்கம்பருப்புக் குழம்பு இருக்கிறது, ஊறவைத்துத் தோல் பிதுக்கிய நம் தோட்டத்து அவரைக்கொட்டை. நீ தொடமாட்டாய் என்று தெரியும். தம்பிக்கும் குழந்தைக்கும் ஊற்று.

அன்புடன்,
பவளம்

மத்திகிரி,
9-2-2025

அன்புள்ள மதினிக்கு,

மேகலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நலம். அண்ணனின் சர்க்கரை இறங்கியதா? பிரியாவுக்குப் பரீட்சை எப்போது?

பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னியுங்கள். கம்பெனியில் ஆடிட், மூச்சுவிட நேரமில்லை. இங்கே இன்னும் குளிர் விடவில்லை. ஸ்வாதி ஸ்வெட்டரைக் கழற்றமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். கால்நடைப் பண்ணைப் பக்கம் கூட்டிப்போனால் அங்கிருக்கும் மாடுகளுக்கெல்லாம் பெயர் வைக்கிறாள்.

தூக்கைக் கழுவி எல்லப்பன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். குழம்பு அருமை. இந்தத் தடவை பூண்டு கொஞ்சம் தூக்கல், அதுவே தனி ருசி.

அந்தத் தாளைத் தேடிப் பார்த்து எழுதுகிறேன்.

உங்கள்
மேகலா

பேரிகை,
14-2-2025

அன்புள்ள மேகலா,

நலம், நலம் அறிய ஆவல் என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு ஆவல் வேறு. பூண்டு தூக்கல் என்று உனக்கு யார் சொன்னது? தம்பியா?

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளைத் தேடிப் பார்க்கிறேன் என்று எழுதுகிறாயே, உன் ஃப்ரிட்ஜ் என்ன மைதானமா? நான் தம்பிக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அடுத்த நிமிஷம் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான்.

பிரியா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நீ நிறைய அடித்து அடித்து எழுதியிருக்கிறாய். ராத்திரிக்கு மூன்று சப்பாத்தி. அதை அடித்து இரண்டு. அதையும் அடித்து ஒன்று. கடைசியில் அரை. "கடைசில இருக்கறதுதாம்மா சரியான கணக்கு" என்று அரையில் ஆரம்பித்திருக்கிறாள். என் பெண்ணுக்கு இவ்வளவு பிடிவாதம் உண்டென்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

உனக்குக் கோடி நன்றி. ஸ்வாதிக்கு முத்தம்.

பவளம்

மத்திகிரி,
15-2-2025

மதினிக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். பிரியாவிடம் அந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். இன்றைக்கே.

பூண்டு தூக்கல் என்று சொன்னது நான்தான். கார்த்திகையிலிருந்து நான் டயட்டில் இல்லை. யாருக்கும் சொல்லவில்லை. எட்டு வருஷம் எல்லோரும் புகழ்ந்த ஒன்றை விட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தாளைக் கிழித்தால் உங்கள் தம்பி ஏன் என்று கேட்பார். அதனால் ஒட்டியபடியே விட்டேன். என் கோழைத்தனம் இப்போது பிரியாவின் நோட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது.

எனக்குக் கம்பெனியில் சர்க்யூட் போர்டை லென்ஸில் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. பக்கத்து நாற்காலியில் ஒரு கன்னடப் பெண். தினம் காலையில், "ஊட்டா ஆய்த்தா?" என்பாள். சாப்பிட்டாயா என்று கேட்பதுதானே இந்தப் பக்கத்தில் வணக்கம். நானும் "ஆய்த்து, ஆய்த்து" என்று வருஷக்கணக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போர்டில் இருந்த புள்ளியெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அன்று வாய் தவறி, "இல்ல" என்றேன். அவள் தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். சித்ரான்னம். முழுதும் சாப்பிட்டேன். பாவம், அன்று அவளுக்குக் கேன்டீன்தான்.

அப்புறம் கம்பெனிக்குப் பேச வந்த ஒரு டாக்டரம்மா, பசித்தால் சாப்பிடுங்கள், போதும் என்றால் நிறுத்துங்கள், எந்தச் சாப்பாட்டையும் எதிரியாக்காதீர்கள் என்றார். கேட்க எவ்வளவு சுலபம்! எனக்குப் பசி எங்கே ஆரம்பிக்கும், எங்கே முடியும் என்பதே மறந்து போயிருந்தது. முதல் இரண்டு வாரம் தினம் ஒரு முட்டை பப்ஸ். பதினைந்தாம் நாள் பேக்கரிக்காரர் கேட்காமலே எடுத்துத் தட்டில் வைத்தார். பார்த்தேன், எனக்கு அன்று அது வேண்டியிருக்கவில்லை. எட்டு வருஷம் கனவில் வந்த பப்ஸ், மதினி! டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன். சந்தோஷத்தில் வரும் வழியில் பாலத்தடியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

பிரியாவிடம் நானே பேசட்டுமா? எல்லோரும் சுகம்தானே?

மேகலா

பேரிகை,
1-3-2025

மேகலாவுக்கு,

இங்கே சுகம்.

உன் கடிதம் வந்தது. உனக்குக் கல்யாணம் ஆயிற்று, நீ இளைத்தாயிற்று, குழந்தையும் பிறந்தாயிற்று. என் பெண்ணுக்கு ஒரு நல்லது கூடி வருகிற நேரத்தில் கிழித்துப் போடு என்கிறாய். உனக்குக் கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு வருத்தம்தான்.

பிரியா நன்றாக இருக்கிறாள். மூன்று கிலோ இறங்கிவிட்டது. காலேஜிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்கிறாள், பசிக்கவில்லை என்கிறாள். இந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் ஏன் என்று தெரியவில்லை.

தம்பியைக் கேட்டதாகச் சொல்.

பவளம்

மத்திகிரி,
6-3-2025

அன்புள்ள மதினிக்கு,

அடியேன் நலம். நீங்கள் கோபமாக இருந்தாலும் நலமாக இருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்கிறேன். படித்ததும் என்னை வீட்டுப் பக்கம் வராதே என்று சொன்னாலும் சரி.

தீபாவளிக்கு உங்கள் வீட்டில் ஒரு தட்டுக் கச்சாயம் காணாமல் போனதே? எங்கள் அருப்புக்கோட்டையில் அதிரசம் என்போமே, அதேதான். சர்க்கரை வியாதிக்காரர் அண்ணன்தான் தின்றுவிட்டார் என்று மூன்று நாள் அவரிடம் நீங்கள் பேசவில்லை. அண்ணன் இல்லை மதினி, நான்.

மத்தியானம் எல்லோரும் அசந்திருந்த நேரம். தட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். பதினொன்று. ஒன்றின் ருசிகூட எனக்குத் தெரியவில்லை. யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு விழுங்கினேன். தட்டைத் தொட்டியில் கழுவி வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் நீங்கள் காபி கொடுத்தபோது, "எனக்குச் சர்க்கரை போடாதீங்க மதினி" என்றேன்.

அந்தத் தாள் செய்கிற வேலை இதுதான். வெளியே நான் கை வைத்து மறிக்கிற ஒவ்வொரு கரண்டியும் உள்ளே கணக்கு வைத்துக் காத்திருக்கும். இப்போது எனக்கு நாலு கிலோ ஏறியிருக்கிறது. ஜாக்கெட் பிரித்துத் தைத்தேன். முதல் நாள் கண்ணாடி முன்னால் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் முடி கொட்டுவது நின்றிருக்கிறது. ஸ்வாதியிடம் எரிந்து விழுவதும் குறைந்திருக்கிறது. ஒரு நாள் அவள் ஒரு லட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை ஜன்னலில் வைத்துவிட்டு விளையாடப் போனாள். நான் அந்தப் பாதி லட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

காலேஜில் சாப்பிட்டேன், பசிக்கவில்லை, குளிர்கிறது. மூன்றும் என்னுடைய பழைய வசனங்கள். நம்பாதீர்கள்.

மேகலா

பேரிகை,
11-4-2025

என் மேகலாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா?

கச்சாயம் தின்றது நீதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கொட்டகை வாசலில் உன் செருப்பு கிடந்தது. எட்டிப் பார்த்தேன். நீ அழுதுகொண்டே தின்றுகொண்டிருந்தாய். கூப்பிட எனக்குக் கூசியது, திரும்பி வந்துவிட்டேன். உன் அண்ணனிடம் மூன்று நாள் பேசாமல் இருந்தது யாருக்கும் உன்மேல் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகத்தான். பாவம் மனுஷர், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக்கூடக் கேட்டுவிட்டார்.

அதைக் கண்ணால் பார்த்த நானேதான் உன்னிடம் தாள் கேட்டேன். ஏழு கிலோ என்று அந்த அம்மா சொன்னதும் எனக்குப் புத்தி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. என்னை நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

கடைசிப் பரீட்சை முடித்து வந்த பிரியா நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்துவிட்டாள். எல்லப்பன்தான் தண்ணீர் தெளித்து ஆட்டோவில் கூட்டிவந்தார். அடி ஒன்றும் இல்லை. டாக்டர் ரத்தம் குறைவு என்றார், "என்ன சாப்பிடறம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஆறு கிலோ இறங்கியிருக்கிறது. சரோஜம்மாளுக்கு இன்னும் ஒரு கிலோ பாக்கி.

"போதும்டி, சாப்பிடு" என்றால், "அத்தை எட்டு வருசம் இருந்தாங்க, நான் எட்டு வாரம் இருக்கக் கூடாதா?" என்கிறாள். தட்டை வைத்தால், "போதும்மா" என்று எழுந்து போகிறாள். முன்பெல்லாம் மூன்று உருண்டை களி கேட்கிற பிள்ளை.

அவளை உன்னிடம் அனுப்பட்டுமா?

பவளம்

மத்திகிரி,
4-5-2025

அன்புள்ள மதினிக்கு,

இங்கே மூவரும், இல்லை, நால்வரும் நலம். அண்ணன் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பிரியா கேட்கச் சொன்னாள்.

வந்த அன்று அவள் முதலில் பார்த்தது ஃப்ரிட்ஜ் கதவைத்தான். தாள் இல்லை. உங்கள் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நானே கிழித்தேன். அவர் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தார். பிறகு, "அந்த போட்டோவ நான்தான அனுப்புனேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தாள் எங்க அத்தை?"

"கிழிச்சாச்சு."

"அப்ப ராத்திரிக்கு எத்தனை?"

"எனக்கென்னடி தெரியும்? உனக்கு எவ்வளவு பசிக்குது?"

"தெரியல அத்தை" என்று சொல்லி அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. தெரியாதவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போம் என்று சொன்னேன்.

முதல் வாரம் கஷ்டம்தான். ஒரு இட்லியை அரை மணி நேரம் பிய்த்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் இட்லியைச் சாப்பிட்டேன். இரண்டாம் வாரம் ஒரு கூத்து நடந்தது. டாக்டரம்மா மெதுவாக மென்று சாப்பிடச் சொல்லியிருந்தாரா, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ராகிக் களியை மென்றோம்! மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை. உங்கள் தம்பி வந்து பார்த்துவிட்டு, "களிய யாராச்சும் மெல்லுவாங்களா? முழுங்குங்கம்மா! அருப்புக்கோட்டைக்காரிக்குத் தெரியாது சரி, பேரிகைப் பொண்ணு நீயுமா?" என்றார். பிரியா சிரித்த சிரிப்பில் களி மூக்கு வழியாக வராத குறை. சிரித்து முடித்தவள் இன்னொரு உருண்டை கேட்டாள். கேட்டது தனக்கே தெரியாத மாதிரி இருந்தாள். நானும் கவனிக்காத மாதிரி எடுத்து வைத்தேன்.

வைகாசிக்கு அவர்கள் வருவதைப் பற்றி நான் அவளிடம் எதுவும் பேசவில்லை. நீங்களும் இப்போதைக்குப் பேசாதீர்கள்.

மேகலா

மத்திகிரி,
18-5-2025

அம்மாவுக்கு,

பிரியா எழுதுவது. நீயும் அப்பாவும் நலமா? தக்காளி என்ன விலை போகிறது?

நேற்று தோசை நாலு. இன்று இரண்டோடு போதும் என்று இருந்தது. ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. நாலு தோசைக்குப் பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தையிடம் சொன்னேன். அவர்களுக்கும் போன வாரம்கூட அப்படி இருந்ததாம். பயந்துகொண்டே இருவரும் கேரம் விளையாடினோம்.

சந்தையில் செந்தூரா மாம்பழம் வந்துவிட்டது. அந்த நோட்டில் மாம்பழத்துக்கு நேராகப் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தேன். நானும் ஸ்வாதியும் வாசலில் உட்கார்ந்து முழங்கை வரை ஒழுக ஒழுகச் சாப்பிட்டோம். அவளுக்கு ஒன்று போதும் என்றாகிவிட்டது, எனக்கு இரண்டு.

மாப்பிள்ளை வீட்டார் வரும்போது என்ன சொல்வது என்று நானே யோசிக்கிறேன். நீ ஒன்றும் சொல்லாதே. ஜூன் முதல் வாரம் வருகிறேன்.

உன்
பிரியா

பேரிகை,
11-6-2025

என் தங்க மேகலாவுக்கு,

எல்லோரும் சுகம், சுகம், சுகம். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். இருபது பேருக்குச் சமைத்திருந்தேன். வடை, பாயசம், உங்கள் ஊரில் போளி என்பீர்களே, அந்தத் தேங்காய் ஒப்பட்டு, உருக்கிய நெய். சரோஜம்மாள் உட்காரும்போதே பிரியாவை மேலும் கீழும் பார்த்து, "எவ்ளோ எறக்குனம்மா?" என்றார்.

 பிரியா பதற்றமே இல்லாமல் சொன்னாள்: "ஆறு கிலோ எறங்குச்சுங்க. மயங்கி விழுந்துட்டேன். இப்ப நல்லா இருக்கேன். எடை பார்க்கறத விட்டுட்டேங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குப் பசிக்குதுங்க. எல்லாரும் சாப்பிட உக்காரலாமா?" என்றாள்.

பெண் பார்க்க வந்தவர்களோடு பெண் பந்தியில் உட்கார்ந்ததை நம் பக்கம் எங்காவது கண்டிருக்கிறாயா? இவள் உட்கார்ந்தாள். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இவளுக்கும் ஒரு இலையைப் போட்டேன்.

ஒன்று சொல்கிறேன் கேள். சரோஜம்மாளுக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போனேன். கையைக் குறுக்கே வைத்து மறித்தார். நீ மறிப்பாயே, அதே மாதிரி. பக்கத்து இலையில் இருந்த ஒப்பட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மறித்தார். அந்த அம்மாமேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது. எத்தனை வருஷமாக எண்ணுகிறாரோ.

நேற்று தரகர் வந்தார். ஜாதகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். உன் அண்ணன் அரை நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிரியாவைக் கேட்டேன். "நல்லவங்கதாம்மா, ஆனா எனக்கு அங்க பசிக்காது" என்றாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது. தையல் கடை மாதிரி அளவு சொல்லுகிற வீடு இல்லாமல் வேறு வீடு கிடைக்காமலா போகும்?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் இன்னொன்று பாக்கி. பிரியா சோறு சாப்பிட்டாள், பாயசம் சாப்பிட்டாள், ஒப்பட்டு ஒன்று தின்று இன்னொன்று கேட்டு வாங்கினாள். மூன்றாவதை நெய்யில் தோய்த்துக்கொண்டு போனேன். "போதும்மா" என்றாள்.

அவள் மயங்கி விழுந்ததிலிருந்து நான் பயந்துகொண்டிருக்கிற வார்த்தை அது. கை அப்படியே நின்றுவிட்டது. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டில் நெய், கண்ணில் தூக்கம் சொக்குகிறது. அவளுக்கு நிஜமாகவே போதும், மேகலா. அந்த ஒப்பட்டை நான் நின்றபடியே சாப்பிட்டேன்.

பவளம்

மத்திகிரி,
12-6-2025

அன்புள்ள மதினிக்கு,

கேன்டீனில் உட்கார்ந்து அவசரமாக எழுதுகிறேன். எல்லப்பன் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கன்னடத் தோழி ஏன் அழுகிறாய் என்று கேட்டாள், கதையைச் சொன்னேன், அவளும் அழுதாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். எனக்கும் ஒரு இலை போடுங்கள். என்ன சமைக்கட்டும் என்று கேட்காதீர்கள், என்ன சமைத்தாலும் சரி. எவ்வளவு சாப்பிடுவேன் என்றும் கேட்காதீர்கள். அதை என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகு, பசியைப் பார்த்துச் சொல்கிறேன்.

உங்கள்
மேகலா